டேங்க் மூடியில் சந்தனம்

நான் எட்டாவதில் இரண்டு தடவை பெயிலானவன். ஆனால் அறுபதுகளில் செஞ்சியைச் சுற்றியிருந்த கிணற்று மேடுகளில் அதிகம் படிக்கப்பட்டது என் எழுத்துதான். இல்லை என்று பந்தயம் கட்ட யார் வந்தாலும் நான் தயார்.

பஜாரில் ஆயில் இன்ஜின் விற்கும் கடையொன்றில் எனக்கு ஃபிட்டர் வேலை. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் அந்த இன்ஜின் ஒவ்வொன்றோடும் ஒரு தகரப் பெட்டி வரும். உள்ளே ஸ்பேனர்கள், ஒரு ஸ்குரூ டிரைவர், அவற்றின் மேல் மடித்து வைத்த ஓர் இங்கிலீஷ் தாள். எப்படி ஓட்டுவது, நின்றால் என்ன செய்வது எல்லாம் அதில்தான் இருந்ததாம். வாங்கியவர்கள் அதில் பொட்டுக்கடலை மடித்தார்கள். இன்ஜின் நின்றதும் என்னைத் தேடி பஸ் ஏறி வந்தார்கள்.

அலுத்துப்போய் நானே தமிழில் ஒரு தாள் எழுதினேன். இங்கிலீஷ் எனக்கும் வராது. அதிலிருந்த படத்தைப் பார்த்தேன், இன்ஜினைக் கழற்றிப் பார்த்தேன், எழுதினேன். கார்பன் வைத்து அழுத்தினால் மூன்று பிரதி. மைதாப் பசை தடவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுவேன்.

எழுதுவது சுலபம். எழுதிய பிறகுதான் வேலையே. 'தினமும் காலையில் ஆயில் பார்க்கவும்' என்று போட்டிருந்தேன். ஒருவர் தினமும் பார்த்திருக்கிறார். குறைந்துகொண்டே போனதையும் பார்த்திருக்கிறார். ஊற்றவில்லை.

"பாக்கத்தானேப்பா எயுதியிருந்த?" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. 'குறைந்தால் ஊற்றவும்' என்று சேர்த்தேன். இப்படி ஒவ்வொருவர் செய்த கோளாறும் ஒரு வரியானது. ஊர்களுக்குப் போகும்போது பசை டப்பாவையும் எடுத்துப்போய் பழைய தாளின் மேல் புதியதை ஒட்டினேன். தலைப்பில், 'நாலாம் தாள். மூணாம் தாளை நம்பாதீர்' என்று எழுதினேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"நீயே ஒன்ன பொய்யன்னு சொல்லிக்கினா கடைக்கு இன்னாடா மரியாத?"

"மூணாம் தாளுதான் மொதலாளி பொய்யன். நான் இல்ல."

ஐந்தாம் தாளுக்குக் காரணம் தளவானூர் அக்கா ஒருவர். புது இன்ஜின் வாங்கிப் போனவர், பத்தே நாளில் பெட்டியின் மூடியை மட்டும் கழற்றிக் கையில் பிடித்தபடி கடை வாசலில் வந்து நின்றார்.

"இதுல போட்டது எல்லாத்தயும் செஞ்சிட்டேன். ஃபில்டர் கழுவனேன். டீசல் கொழாயில காத்து எடுத்தேன். அர மணி நேரம் ஓடுது, நின்னுடுது. டீசல் தீந்துச்சான்னு டேங்க்க தொறந்தா ரொம்பியிருக்குது. மூடிட்டு ஹேண்டிலச் சுத்தனா மறுபடி ஓடுது, மறுபடி நிக்குது. நடவு நட்டு மூணு நாளாவுது, வயல் வெடிக்குது. ஒயுங்கா எயுது, இல்லாங்காட்டி இன்ஜின தூக்கிக்கினு வா."

"எயுதனதுதான் நானு. இன்ஜின் செஞ்சது நான் இல்லக்கா."

"எயுதனவனே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். டேங்க் மூடியின் நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது. அதன் மேல் குங்குமம். மூடியின் அந்த இடத்தில் காற்றுப் போக ஓர் ஊசித் துளை உண்டு. அது அடைந்தால் டேங்குக்குள் காற்று நுழையாது, டீசல் கீழே இறங்காது. மூடியைத் திறந்தால் காற்று நுழையும், மறுபடி ஓடும். அக்காவிடம் ஊக்கு வாங்கித் துளையைக் குத்திவிட்டேன். இன்ஜின் நிற்காமல் ஓடியது.

எனக்குத்தான் முகம் வெளிறியது. அதற்கு முன் பல ஊர்களில் இதே கதை. நான் போனதும் முதல் வேலையாக டேங்கைத் திறப்பேன். இன்ஜின் ஓடும். என் கைராசி என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

அக்கா சொன்னார்: "கடையில பூச போட்டு, மொதப் பொட்டு அங்க வெச்சது ஒங்க மொதலாளி. அதே எடமாச்சேன்னு வெள்ளிக்கெயம நானும் வெச்சேன்."

உண்மைதான். எந்த இன்ஜின் கடையை விட்டு இறங்கினாலும் கற்பூரம் ஏற்றி, இருப்பதிலேயே உயரமான இடம் பார்த்து, நெற்றிக்கு வைப்பது போல முதலாளிதான் பொட்டு வைப்பார். அந்த உயரமான இடம் டேங்க் மூடி.

அன்றைக்கே எழுதினேன்: 'டேங்க் மூடியில் சந்தனம் வைக்கக் கூடாது. துளை அடைந்தால் இன்ஜின் நிற்கும். டேங்கின் வயிற்றில் வைக்கவும்.'

முதலாளி இரண்டு தடவை படித்தார். "எங்கையால வெச்சதெல்லாம் ராசியா ஓடுது தெரியுமா?"

"ஓடுது மொதலாளி. அர மணி நேரம்."

"அந்த வரிய எடு. இல்ல, வெள்ளிக்கெயமையோட நின்னுக்கோ."

வீட்டில் மாதம் தவறாமல் வந்தது என் சம்பளம் ஒன்றுதான். நைனாவிடம் நான் மூச்சு விடவில்லை. வரியையும் எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்தவர் வயலும் வெடிக்கும். அவரும் என் எழுத்தை நம்பி ஃபில்டரைக் கழுவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

வெள்ளிக்கிழமை இன்னொரு இன்ஜின் விற்றது. கடை வாசலில் பூஜை. வாங்கியவர் பெட்டியைத் திறந்து என் தாளை எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். முதலாளி சந்தனத்தைக் குழைத்து விரலை மூடிக்குக் கொண்டுபோனார்.

"மொதலாளி, மூடியில வாணாம்னு போட்டிருக்குது."

விரல் அப்படியே நின்றது. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இத ஒன் வாயில வெச்சி அடைக்கணும்டா."

"வெய்ங்க மொதலாளி. எயுதறது கையிதானே."

"ஐயா, கற்பூரம் அணையுது, எங்கனா வெய்ங்க" என்றார் வாங்கியவர்.

முதலாளி குனிந்து டேங்கின் வயிற்றில் வைத்தார். கொஞ்சம் அழுத்தியே வைத்தார். போ என்று மறுபடி சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாலாம் தாள் ஒட்டிய ஊர்கள் நிறைய மிச்சமிருந்தன. பசை டப்பாவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.