உச்சிக்குழியும் வைரத்தகடும்

போன வாரம் என் மகனுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்ததும் எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை. உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு ஒரு தகடு, ஒரு பக்கம் மட்டும் மினுமினுத்தது. வைரத்தூள் ஒட்டிய சாணைத் தகடு, விலை கொஞ்சம்தான். தாடியைத் திருத்த வாங்கி வைத்திருக்கும் மடக்குச் சவரக்கத்தியை இதில் தீட்டலாமா என்று போனில் தேடிக்கொண்டிருந்தான். நான் முதலில் அவன் உச்சந்தலையைத்தான் பார்த்தேன்.

இந்த மாதிரித் தகடு ஒன்றை எனக்கு முன்பே தெரியும். பிடி வைத்த தகடு அது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் சாக்கு விரித்து விற்றவனிடம் என் அண்ணன் வாங்கினான். புதியம்புத்தூரில் ரெடிமேடு தைக்கும் இடத்தில் அவன் கட்டிங் மாஸ்டர். மழுங்கிப்போன கத்திரியை அதில் நாலு இழுப்பு இழுத்தானாம். துணி தண்ணீரைப்போல விலகியதாம். அதிலிருந்து அந்தத் தகடு அவன் சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தால் சட்டையில் மருந்து வாசம் அடிக்கும். அந்தச் சட்டையை அவர் கழற்றிக் கொடியில் போடும்வரை நான் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். அப்படிப்பட்டவளுக்கு இவன் பிறந்தபோது எப்படி இருந்திருக்கும்? பிள்ளையின் உச்சிக்குழி துடிப்பதைப் பார்த்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு பல் முளைத்ததும் முதல் முடி இறக்க நாள் குறித்தார்கள். குலசாமி கோயில் நாகலாபுரம் பக்கம், கரிசலுக்கு நடுவில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி எடுக்க வேண்டும். அண்ணன் முந்தின நாளே வந்துவிட்டான். வெள்ளி அரைஞாண், பிள்ளைக்குச் சட்டை, கூடவே அந்தத் தகடு. என் காய்கறிக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தான். தக்காளி வழுக்காமல் அறுபட்டது. ஆனால் கழுவும்போது விரலில் பட்ட காயம் வழக்கம்போலக் கோடாக இல்லை, பிய்ந்த மாதிரி இருந்தது. ரம்பத்தில் பட்டதுபோல. தகட்டின் சொரசொரப்பு கத்தி விளிம்பில் பல் பல்லாக இறங்கியிருந்தது.

பங்குனி வெயில். தரை பிளந்து கிடந்தது. உடைமர நிழலில் நாவிதர் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுச் சவரக்கத்தியை விரித்தார். அண்ணன் கையை நீட்டினான்.

"அண்ணாச்சி, கத்தியக் கொண்டாங்க. எம் மருமவனுக்கு வைரத்துல தீட்டித்தான் முடி எறக்கணும்."

"புதுக் கல்லா இருக்கே தம்பி," என்று இழுத்தார் அவர். ஆனால் அன்றைக்குத் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். கொடுத்துவிட்டார். அண்ணன் கத்திரியைத் தேய்ப்பதுபோலவே கரகரவென்று தேய்த்தான். அந்தச் சத்தம் என் பல்லில் கூசியது. நாவிதர் கத்தியை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

அந்தக் கத்தி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. என் கல்யாணத்தில் அண்ணன் வைத்த சீர் போதாது என்று என் மாமியார் வீட்டில் பேசிய பேச்சு அவன் காதுக்குப் போயிருந்தது. இத்தனை பேர் முன்னால் நானும் அவன் கொண்டுவந்ததை வேண்டாம் என்றால், பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுவான். பிறகு என் வாசல் மிதிக்க மாட்டான். சொல்லாவிட்டால் அந்தக் கத்தி உச்சிக்குழிக்கு வரும்.

நாவிதர் தண்ணீர் தொட்டு, மாமன் மடியில் இருந்த பிள்ளை தலையில் வைத்தார். பிள்ளை சிரித்தான்.

"மொதல்ல எங்க அண்ணனுக்கு எறக்குங்க," என்றேன். யார் குரலோ மாதிரி இருந்தது. "மாமனும் மருமவனும் சேந்து முடி தாரதா நேந்திருக்கேன்."

"இது எப்ப நேந்தது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே," என்றார் மாமியார்.

அந்த நிமிஷம்தான் நேர்ந்தேன். சாமி கணக்கில் அது பொய்யாகாது என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணனுக்குத் தலைமுடி என்றால் உயிர். எப்போதும் பையில் சீப்பு இருக்கும். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தான். கத்தி மழிக்கவில்லை, உழுதது. முடியைப் பிடித்து இழுத்தது. காதுக்குப் பின்னால் ரத்தம் புள்ளி புள்ளியாகப் பூத்தது. என் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதித் தலையில் அண்ணனே கையைத் தூக்கினான். "நிறுத்துங்க அண்ணாச்சி. கத்திரிக்கும் அரிவாளுக்கும் இது போதும். தோலுக்கு ஆவாது போலுக்கு."

நாவிதர் தன் வழவழப்பான கறுப்புக் கல்லை எடுத்து நெடுநேரம் மெதுவாகத் தேய்த்தார். பிறகு தோல்வாரில் இழுத்து, தன் முன்கை முடியில் சோதித்துப் பார்த்தார். அண்ணனின் மிச்சத் தலையையும் அதிலேயே மழித்து முடித்தார். அதற்குப் பிறகு பிள்ளை தலையில் கத்தி போனது பிள்ளைக்கே தெரியவில்லை. மாமன் மடியிலேயே தூங்கிவிட்டான்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி கேட்டான்: "ஏட்டி, பயந்துட்டியோ?" நான் தலையாட்டினேன். "எங்கிட்ட மெதுவாச் சொல்லிருக்கலாம்லா," என்றான். பிறகு அவனே சிரித்தான்.

இப்போது அந்தக் கோயிலில் ஒவ்வொரு தலைக்கும் புது பிளேடு உடைத்துப் போடுகிறார்கள். உடைமரங்கள் இல்லை, சிமெண்டுக் கொட்டகை. அண்ணன் போய் ஐந்தாறு வருஷம் ஆகிறது.

தகட்டில் தீட்டினாலும் அதற்குமேல் வழவழப்பான கல், தோல் எல்லாம் வேண்டும் என்று மகனிடம் சொன்னேன். "எல்லாம் பாத்துட்டேம்மா, நீங்க சும்மா பயப்படாதீங்க," என்று குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றேன். அவனுக்கு முன்னால் உட்காரவைக்க இப்போது என் அண்ணன் இல்லை.