வானுக்குள் ஏறிய கூழ்ப்பானை

பெட்டிச் சண்டை

படுக்கை, காஸ் குக்கர், பிரிட்ஜ் எல்லாம் வைத்து நான் முதன்முதலாகச் செய்துகொடுத்த வான் வண்டி, ஓடத் தொடங்கிய அன்றே எரியப் பார்த்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நான் வேலணைத் தீவில் வாகன வயரிங் செய்பவள். மீன்பிடி வள்ளங்களின் பற்றரியில் கைபழகி, பிறகு வானுக்கு வந்தேன். கரம்பொன் ஊர் ஜெயந்தன் பிரான்சிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, பழைய வான் ஒன்றை என் கராஜில் கொண்டுவந்து நிறுத்தினான்.

“அக்கா, சுற்றுலா வாறவை இதுக்குள்ளையே படுத்து, சமைச்சு, தீவெல்லாம் சுத்திப் பாக்க வேணும். செய்து தாங்கோ.”

அவன் மனைவி ஷாமினிக்கு ஊர் திரும்பியதே பிடிக்கவில்லை. “இந்த வான் சரிவந்தா இருப்பம். இல்லாட்டி நான் பிள்ளையளோடை திரும்பிப் போறன்” என்று என் முன்னாலேயே சொன்னாள். பாவம், ஜெயந்தனின் முகம் சுருங்கிப்போயிற்று.

வயரிங்கை அவன் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டான். எங்கள் உப்புக் காற்றில் வயரை முறுக்கி ஒட்டு ரேப் சுற்றிவிட்டால் மூட்டு கறள் பிடித்துச் சூடேறும், பிறகு பற்றும். அதனால் ஒவ்வொரு மூட்டையும் ஈயம் வைத்து ஒட்டினேன். ஒவ்வொரு லைனுக்கும் அளவான பியூஸ் போட்டேன். சண்டை வந்தது காஸ் சிலிண்டரில்தான்.

“கட்டிலுக்குக் கீழை வையுங்கோ அக்கா. வெளியிலை பெட்டி அடிச்சா வானின்ரை வடிவு கெட்டுப்போம்.”

“வடிவு வேணுமெண்டா கலியாணக் கார் ஓட்டும் தம்பி. காஸ் காத்தைவிடக் கனம். கசிஞ்சா நீர் படுத்திருக்கிற கட்டிலுக்குக் கீழைதான் தேங்கும். பேந்து ஒரு நெருப்புக்குச்சி காணும்.”

பின்பக்கம் வெளியே திறக்கிற பெட்டி அடித்தேன். கசிவு வெளியேற அடியில் ஓட்டை போட்டேன். வேலை முடிந்ததும் விளக்கிச் சொல்லக் கூப்பிட்டால், ஜெயந்தன் போனில் நிற்கிறான். கைகட்டி நின்ற ஷாமினியைத்தான் பிடித்து, வால்வைப் பூட்டித் திறக்கப் பழக்கினேன். முகத்தை நீட்டிக்கொண்டே செய்தாள்.

மாமியின் பானை

சுவாமியார் வானை ஆசீர்வதித்ததும் எல்லாரும் மண்கும்பான் கடற்கரைக்குப் போனோம். ஜெயந்தனின் தாய் திரேசா மாமி, பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சப் பெரிய பானையோடு வந்திருந்தார். நண்டு, றால், திருக்கை, பலாக்கொட்டை என்று ஒன்றும் குறையில்லை. சோளகக் காற்று மட்டும் கல்லடுப்பை எரிய விடவில்லை.

நான் பிள்ளைகளோடு கடலில் கால் நனைக்கப் போய்விட்டேன். அந்த இடைவெளியில் மாமி, “வானுக்கை வடிவான குக்கர் கிடக்கு. பேந்தேன் காத்தோடை மல்லுக்கட்டுவான்?” என்று பானையை உள்ளே ஏற்றிவிட்டார்.

அது தேத்தண்ணி வைக்க, முட்டை பொரிக்க வாங்கிய சின்னக் காஸ் அடுப்பு. மாமியின் பானை நெருப்பு வருகிற இரண்டு பேணரையும் மூடி, விளிம்பையும் தாண்டி நின்றது. மேலே போக வழியில்லாத சூடு பின்பக்கம் திரும்பி காஸ் ரியூபைச் சுட்டது. றப்பர் கருகிய மணம் வந்திருக்கும். நண்டும் றாலும் கொதிக்கிற வாசத்தில் அதை யார் கவனிப்பார்கள்?

“ஐயோ, நெருப்பு!” என்று மாமி அலறியது கேட்டது.

ஓடிவந்தேன். குக்கருக்குப் பின்னால் ரியூப் எரிந்தது. யன்னல் சீலையிலும் பற்றிவிட்டது. ஜெயந்தன் வாளியில் கடல்தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தான்.

“ஊத்தாதையும்! உள்ளை பற்றரி கிடக்கு!” என்று கத்தினேன்.

அதற்குள் ஷாமினி வானின் பின்பக்கம் ஓடி, பெட்டியைத் திறந்து வால்வைப் பூட்டியிருந்தாள். ரியூப் நெருப்புச் சுருங்கி அணைந்தது. நான் கதவடியில் மாட்டியிருந்த தீயணைப்பானைக் கழற்றிச் சீலைக்கு அடித்தேன்.

“பிள்ளை, கூழுக்கை படாமல் அடி!” என்று மாமி வெளியே நின்று கத்தினார்.

புகை அடங்கிப் பார்த்தால், கருகியது ரியூபும் சீலையும் மட்டும்தான். மூடி போட்டிருந்ததால் கூழுக்கும் ஒன்றுமில்லை. ஷாமினி மாமியைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், வெடித்துச் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். பிறகு எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் மறைவில் அடுப்பை மூட்டி, கூழைக் காய்ச்சி முடித்து, பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்தோம். ஜெயந்தன் மட்டும் குடிக்காமல் இருந்தான்.

“அப்ப... நீர் திரும்பிப் போகப் போறீரோ?” என்று மனைவியிடம் மெல்லக் கேட்டான்.

“நான் போனா இஞ்சை ஆர் வால்வைப் பூட்டுறது? கூழைக் குடியுங்கோ” என்றாள் ஷாமினி.

அதன்பிறகு வானைக் கையில் எடுத்து, சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விட்டவள் அவள்தான். எச்சரிக்கை எழுதி ஒட்டினால் எவரும் வாசிக்கமாட்டார்கள், கை பழகினால்தான் ஆபத்தில் கை ஓடும். அன்று நான் படித்த பாடம் அது. எந்த ஊர்க்காரர் வந்தாலும், அவர்களே தங்கள் கையால் ஒருதரம் வால்வைப் பூட்டிக் காட்டாமல் ஷாமினி வான் திறப்புச் சாவியைக் கொடுப்பதில்லை.

போன மாதம் இரண்டாவது வானோடு வந்தாள். கட்டில், சீலை, நிறம் எதுவும் கேட்கவில்லை.

“முதல்லை பெட்டியை அடியுங்கோ அக்கா” என்றாள்.