எதிரணி பெஞ்சுக்குப் பின்னால்

போன வாரம் டெக்ஸாஸ் போயிருந்தேன். ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று ஆபீஸில் சொல்லி லீவு வாங்கினேன். தங்கையையும் பார்த்தேன். ஆனால் போனது என்னவோ ஒரு பாஸ்கெட்பால் ஆட்டம் பார்க்கத்தான்.

உனக்கும் பாஸ்கெட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் எல்லாம் பக்கத்து வீட்டு உமாவோடு.

நாங்கள் கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் இருக்கிறோம். உமாவும் செந்திலும் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஊர். செந்தில் மில்பிடாஸில் ஒரு சிப் கம்பெனியில் மேனேஜர். ஒரே மகள் யாழினி. ஆறாம் வகுப்பிலிருந்தே அவர்கள் டிரைவ்வேயில் பந்து தட்டும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். தட்டித் தட்டியே ஒரு கல்லூரி டீமில் இடம் பிடித்துவிட்டாள்.

அது சின்னக் கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேர டிரைவ். அங்கே பெண்கள் டீம் ஆடினால் பார்க்க யார் வருவார்கள்? பெற்றோர் சிலர், அக்கம்பக்கத்தில் இருக்கும் ரிட்டயர் ஆன தம்பதிகள் சிலர், மழைக்கு ஒதுங்கிய மாணவர்கள் சிலர். டிவி கிடையாது. ஒரு ஸ்டாண்டில் ஒரே ஒரு கேமரா, அதன் பக்கத்தில் கமென்ட்ரி சொல்ல ஒரு மாணவன். ஆன்லைனில் பார்க்கலாம்... பார்க்க முடிந்தால். யாராவது மூன்று புள்ளி ஷாட் எடுக்கும்போது படம் அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி ஓட ஆரம்பிக்கும்போது பந்து இந்தக் கோடியில் இருக்கும். உள்ளே போனதா இல்லையா என்பதை ஸ்கோரைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உமா ஆன்லைனில் பார்க்கிற ஆள் இல்லை. ஒரு ஆட்டம் விடாமல் நேரில் போனார். என்னையும் என் மனைவியையும் நாலைந்து முறை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

ஆரம்பத்தில் அவருக்கும் விதிகள் எதுவும் தெரியாது. ஒன்று மட்டும் புரிந்துகொண்டார் — எதிராளி பந்தை எறியும்போது நம் ஆள் கையைத் தூக்கி மறைக்க வேண்டும். ஆகவே ஆட்டம் முழுக்க, "கையத் தூக்கு கண்ணு" என்று கத்துவார். தன் மகளை மட்டும் இல்லை, டீமில் எல்லோரையும். யாழினிதான் அர்த்தம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில், அந்தக் குரல் கேட்டதும் டீமே கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டது. தமிழ் தெரிந்த டிஃபென்ஸ்!

அந்த டீமில் டெஸ்டினி என்று ஒரு பெண். ஸ்டாக்டன் பக்கம் வீடு. அவள் அம்மாவுக்கு வார இறுதியில்தான் வேலை, ஆட்டத்துக்கு வரவே முடியாது. யாழினிக்குக் கத்துகிற அளவு டெஸ்டினிக்கும் கத்துவது என்று உமா தானாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. யாழினி பிரமாதமாக ஆடினாள். பிரமாதமாக ஆடினால் இந்த நாட்டில் என்ன நடக்கும்? பெரிய இடத்திலிருந்து போன் வரும். டெக்ஸாஸில் ஒரு பெரிய யுனிவர்சிட்டி. அரங்கம் ஒரு சின்ன ஊர் அளவு இருக்கும். ஆட்டங்கள் டிவியில், நிஜமான டிவியில் வரும்.

செந்திலுக்குத் தலைகால் புரியவில்லை. "விசிபிலிட்டி வேணுங்ணா. எவ்வளவு நல்லா ஆடினாலும் நாலு பேர் பாத்தாத்தானே?" என்றார். ஆபீஸில் பிரமோஷனுக்குச் சொல்கிற அதே வார்த்தை. யாழினி டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

செந்தில் புது டிவி வாங்கினார். சுவரில் பாதியை அடைக்கிற சைஸ்.

டிவியில் யாழினி வந்தாள். ஆட வரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேமரா கோச்சைக் காட்டும்போது ஓரத்தில் தெரிவாள். செந்தில் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, போட்டோ எடுத்து, எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் போடுவார். 'கோச்சுக்கு இடது பக்கம், மூன்றாவது நாற்காலி' என்று கீழே குறிப்பு இருக்கும். நாங்கள் எல்லோரும் கட்டைவிரல் உயர்த்துவோம். வேறு என்ன செய்வது?

இதற்கு நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் உமா காரை எடுப்பதைப் பார்த்தேன். எங்கே என்று கேட்டேன். மேட்ச்சுக்கு என்றார். யாழினி டெக்ஸாஸில் அல்லவா இருக்கிறாள் என்றேன்.

"டெஸ்டினி மெசேஜ் பண்ணிருந்தாங்ணா. ஆன்ட்டி, இந்த வருஷமும் வருவீங்களான்னு கேட்டா. எப்படிங்ணா வரலன்னு சொல்றது?"

மகள் இல்லாத டீமின் ஆட்டத்துக்கு உமா போய்க்கொண்டே இருந்தார். செந்தில் வீட்டில் பெரிய டிவியில் மூன்றாவது நாற்காலியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஆட்டம் வந்தது. பெரிய டீம்கள் சீசன் தொடக்கத்தில் சின்ன டீம்களைத் தங்கள் ஊருக்கு அழைத்து ஆடுவது உண்டு. ஜெயித்துப் பழகிக்கொள்ள என்று வைத்துக்கொள்ளுங்களேன். யாழினியின் யுனிவர்சிட்டி அழைத்த டீம்களில் ஒன்று... ஆமாம், அவளுடைய பழைய கல்லூரியேதான்.

உமாவும் செந்திலும் ஃப்ளைட் டிக்கெட் போட்டார்கள். என் தங்கை கேட்டியில் இருப்பதால் என்னையும் கிளப்பினார்கள். ஹூஸ்டனில் இறங்கி ஒரு ராத்திரி தங்கை வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை அவர்களே வந்து வாடகைக் காரில் என்னை ஏற்றிக்கொண்டார்கள். ஃப்ரீவேயில் போகும்போது செந்தில்தான் பேசிக்கொண்டு வந்தார். யாழினி கொடுத்த டிக்கெட், ஹோம் டீம் பெஞ்சுக்கு நேர் பின்னால், டிவியில் கட்டாயம் தெரிவோம் என்றெல்லாம்.

பார்க்கிங்கில் இறங்கியதும் உமா ஜாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே பச்சை ஸ்வெட் ஷர்ட். சின்னக் கல்லூரியின் பெயர் போட்டது.

செந்தில் அதைப் பார்த்தார். யாழி பார்த்தால் என்ன நினைப்பாள் என்று கேட்டார். உமா குரலை உயர்த்தவில்லை.

"அவளுக்கு இங்க ஊரே இருக்குதுங்க. அந்தப் பிள்ளைகளுக்கு யாரு இருக்கா? நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன்."

நான் எந்தப் பக்கம் உட்காருவது? நாகரிகமான மனிதன் ஒருவன் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் உட்காரலாம். ஆனால் இங்கே நடுவில் இருந்தது ஸ்கோர் போடுகிறவர்களின் மேசை. உமாவோடு போனேன். அந்தப் பக்கம் காலை நீட்ட இடம் நிறைய இருந்தது — வந்திருந்ததே ஐந்தாறு பெற்றோர்தான்.

வார்ம்-அப்புக்கு வந்த யாழினி முதலில் அப்பாவைப் பார்த்தாள். பக்கத்து சீட் காலி. கண்ணால் தேடினாள். எங்களைப் பார்த்ததும் கையைப் பாதி தூக்கினாள். அதற்குள் ஸ்வெட் ஷர்ட் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கை அப்படியே இறங்கியது. திரும்பிக்கொண்டு பந்து எறியப் போய்விட்டாள்.

உமா இதை யாழினியிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஒரு மெசேஜ் போதும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா வேண்டாம்னு சொல்லிருவா. அப்புறம் நானும் வேண்டாம்னு இருந்துருவேன்" என்றார்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் கால் பகுதியிலேயே முடிந்துவிட்டது. மீதியெல்லாம் சம்பிரதாயம். பச்சை டீம் பெண்கள் உயரத்தில் ஒரு சாண் குறைவு, ஓட்டத்தில் குறைவில்லை. டெஸ்டினி இரண்டு முறை தரையில் விழுந்து பந்தைப் பிடித்தாள். உமா தன் வேலையைக் குறையில்லாமல் செய்தார். முன் வரிசையில் இருந்த டெக்ஸாஸ்காரர் ஒருவர் திரும்பி, அது என்ன மொழி என்று மரியாதையாக விசாரித்தார்.

கடைசிக் கால் பகுதியில் பாதி அரங்கம் கிளம்பிவிட்டது. அப்போதுதான் பெரிய டீமின் கோச் பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அனுப்பினார். யாழினியும் இறங்கினாள். மைக்கில் அவள் பெயரைச் 'சாலினி' என்றார்கள். செந்தில் எழுந்து நின்று போனில் வீடியோ எடுப்பது தெரிந்தது.

உமா அன்றைக்கு முதல் முறையாக வாயை மூடிக்கொண்டார். இரண்டு கையையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டார்.

யாழினிக்குப் பந்து கிடைத்தது. மூலையில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே — அவளுக்கு எப்போதும் பிடித்த இடம். தனியாக நின்றாள். டெஸ்டினி தாமதமாகத்தான் ஓடி வந்தாள். யாழினி எம்பினாள்.

"டெஸ்டினி, கையத் தூக்கு!"

உமாதான். இரண்டு வருடப் பழக்கம், என்ன செய்வது? சத்தம் அடங்கிய அரங்கத்தில் அது கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். டெஸ்டினி கையைத் தூக்கினாள். பந்து விரல் நுனியில் பட்டு மேலே போய், அவள் கையிலேயே வந்து விழுந்தது. அந்தக் கோடி வரை ஓடிப் போய்ப் போட்டுவிட்டாள்.

பச்சை பெஞ்ச் முழுக்க எழுந்து குதித்தது. முடிந்துபோன ஆட்டம்தானே என்று ஹோம் கூட்டமும் தாராளமாகக் கை தட்டியது. பெரிய திரையில் அதையே திரும்பப் போட்டார்கள். அப்புறம் கத்தியது யார் என்று கேமரா தேடிக் கண்டுபிடித்தது. திரை முழுக்க உமா. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோணத்தில் அடியேனின் பாதித் தலையும் டிவியில் வந்ததாகத் தங்கை பிறகு சொன்னாள்.

ஆட்டம் முடிந்து, வீரர்கள் வெளியே வரும் வழியில் காத்திருந்தோம். செந்தில் போனைப் பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். உமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

யாழினியும் டெஸ்டினியும் சேர்ந்தே வந்தார்கள். டெஸ்டினி உமாவைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, யாழினியின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடினாள்.

"வாய் தானா வந்துருச்சு கண்ணு..." என்றார் உமா.

யாழினி தனக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அம்மாவின் குரல் கேட்டதும் ஒரு நொடி தன் கையும் மேலே போகப் பார்த்தது, பந்து மட்டும் கையில் இல்லாவிட்டால் தூக்கியிருப்பேன் என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பெண் அது. அன்றைக்குத் தமிழில் பேசினாள். உடைந்த தமிழ்தான்.

"இங்க எல்லாரும் கத்தறாங்கம்மா. ஆனா என்னப் பாத்து யாருமே கத்தறதில்ல."

செந்திலின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்ப்பது முறையில்லை என்று தோன்றியது. குரல் மட்டும் கேட்டது. "வந்தர்றயா கண்ணு? அங்கயே திரும்பிப் போயர்லாம்."

யாழினி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அப்பா சொன்னதற்காக இங்கே வரவில்லை, தனக்கே வரத் தோன்றியதால்தான் வந்தேன் என்றாள். இங்கே இடம் கிடைக்கும்வரை முட்டிப் பார்க்கப் போகிறாளாம். கிடைக்காவிட்டால் அப்போது யோசிக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாலும், தெளிவாகத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் எங்கள் மூவருக்குமே புது விஷயம். பழைய டீமின் சனிக்கிழமை ஆட்டங்களை அவள் ஒன்று விடாமல் போனில் பார்க்கிறாளாம். டீம் பஸ்ஸில், ஹாஸ்டலில், ஒருமுறை டாக்டருக்குக் காத்திருக்கும்போது கூட. படம்தான் அடிக்கடி நின்றுவிடுகிறது. சத்தம் மட்டும் வரும். "உங்க வாய்ஸ் கேக்கும்மா. அதான் பாக்கறேன்" என்றாள்.

அதற்கு மேல் அங்கே நிற்பது எனக்கு அதிகப்படி. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

டிவிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தான் கேமரா வரும். கேமரா இருக்கும் இடத்துக்குத்தான் கூட்டம் வரும். இதில் எது முதலில் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய கோயில் தேருக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். தெருக்கோடி மாரியம்மனுக்கு அந்தத் தெரு வந்தால் போதும். ஆனால் தெரு வந்தே ஆக வேண்டும் — அங்கேதான் சிக்கல். பெரிய டீமின் ரசிகன் ஒருவன் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. சின்ன டீமின் ரசிகை ஒருத்தி வராவிட்டால், "ஆன்ட்டி எங்கே?" என்று மெசேஜ் வரும்.

இந்தச் சனிக்கிழமை பச்சை டீமுக்கு உள்ளூரில் ஆட்டம். உமாவோடு செந்திலும் வந்தார். அந்த மர பெஞ்ச் முதுகைப் பதம் பார்க்கிறது என்று பாதி நேரம் புலம்பினார். மீதி நேரம், படம் நிற்காமல் போக என்ன வழி என்று கேமரா பையனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சரியானதோ தெரியாது. டீம் ஒரே ஒரு பாஸ்கெட்டில் தோற்றது. நல்ல ஆட்டம்.

நீங்களும் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? அது எந்தச் சேனலிலும் வரவில்லை... போய்த்தான் பார்க்க வேண்டும்.