தவராசா அண்ணனின் கடைசி வசனம்

அச்சாகி வந்த டிவிடிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்த காலையில்தான் தொலைபேசி அடித்தது. "தம்பி, அவர் விடிய எழும்பல்ல" என்றார் கமலாக்கா. என் கையிலிருந்த உறையில் அவருடைய கணவர் தவராசா அண்ணன் துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

அவரை அறியாதவர்களுக்கும் அவருடைய குரல் தெரிந்திருக்கும். மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் கொக்கட்டிச்சோலை பஸ்ஸையும் உன்னிச்சை பஸ்ஸையும் ஒலிபெருக்கியில் கூப்பிட்டவர் அவர்தான். அந்தக் குரலுக்காகவே என் முதல் படத்தில் அவரை உளவாளிகளின் தலைவனாக்கினேன். சண்டையும் சிரிப்பும் கலந்த உளவுப் படம் என்று விளம்பரம் செய்தோம். சனம் சண்டையைப் பார்த்துச் சிரித்தது, சிரிப்புக் காட்சிகளில் கொட்டாவி விட்டது.

குண்டடிபட்டு வாவிக்கரையில் விழும் தலைவன், "நான் போறன்" என்று சொல்லிக் கண்ணை மூட வேண்டும். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டார்.

"வீட்டால வெளிக்கிடக்குள்ளயே அந்தச் சொல்லச் சொல்ல மாட்டன். சாகக்குள்ள சொல்லுவனா?"

எத்தனை தடவை எடுத்தாலும் "போயிட்டு வாறன்" என்றுதான் செத்தார். தியேட்டரில் யாரோ "எப்ப வருவீங்க?" என்று கத்த, படத்தின் கதை அத்தோடு முடிந்தது.

டிவிடியிலாவது மானத்தைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். போன மாதம் அந்த ஒரு வசனத்தை மாற்றிப் பதிய நாவற்குடாவில் உள்ள என் ஒலிப்பதிவு அறைக்கு அவரை அழைத்தேன். கெஞ்சினேன், பிறகு கோபித்தேன்.

"உங்கட ஒரு சொல்லால என்ட படம் நாசமாப் போச்சு அண்ணன்."

ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "சரி, உனக்காகச் சொல்லுறன்" என்றவர், "நான் போறன்" என்றார். ஒரே தடவைதான். செருப்பைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமலே தெருவில் இறங்கினார். நான் கவனித்தேன். கூப்பிடவில்லை. பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை.

அண்ணன் இறந்த எட்டாம் நாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். கமலாக்கா டிவிடியைப் போடச் சொன்னார். "அவரப் பாக்கணும் தம்பி." மறுக்க முடியவில்லை. கடைசிக் காட்சி வந்ததும் அக்காவின் முகம் வெளிறியது.

"இத அவரா சொன்னவர்?"

"நான்தான் சொல்ல வெச்சன் அக்கா."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுத்தது. செத்த வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவது வழக்கமில்லை. நானும் சத்தமில்லாமல் எழுந்தேன்.

அந்தக் கறுப்புத் திரையிலிருந்து, பஸ்ஸைக் கூப்பிடும் அதே நிதானத்தில் குரல் கேட்டது: "போயிட்டு வாறன்."

பழைய வசனத்தை நானே என் கையால் அழித்திருந்தேன். வீட்டுக்கு வந்து மற்ற டிவிடிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எதிலும் அது இல்லை. ஆனால் அன்று கேட்டது நான் மட்டுமல்ல. அடுப்படியிலிருந்து கமலாக்கா, தினமும் சொல்வதுபோல, பதில் சொன்னார்.

"ஓம், போயிட்டு வாங்க."

அண்ணன், அன்று உங்களைத் தெருவில் மறித்து அந்தச் சொல்லை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள். போயிட்டு வாங்க.