நான் சொல்லாமல் விட்ட சத்தம்

என் கணவரிடம் பழைய அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது. ஞாயிறு முழுக்க அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் புதுப்புடவை கட்டினால்கூட அவர் கண்ணில் படாது. அந்தக் காரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போன ஆடியில் திருப்புலிவனம் கோயிலுக்குப் போகும்போது, ஒவ்வொரு வேகத்தடையிலும் என் காலடியில் 'டொக்' என்று கேட்டது. இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. கெட்டுப்போனால் விற்றுத் தொலைப்பார் என்று நானும் சொல்லவில்லை.

மறுவாரம் மகளைக் கல்லூரியில் விட ஏனாத்தூருக்கு அதே காரில் கிளம்பினார். சற்று நேரத்தில் போன் வந்தது.

"முன்சக்கரம் மடங்கி வண்டி சாஞ்சிக்கிச்சு. ஆடுங்க குறுக்க வந்துச்சின்னு மெதுவா போய்க்கினு இருந்தேன். பாப்பா நல்லா கீது, பயப்படாத."

உடனே ஆட்டோ பிடித்து அங்கே போனேன்.

மெக்கானிக் சக்கரத்துக்குப் பின்னால் அதைத் தாங்கும் மூட்டு தேய்ந்துபோயிருந்ததைக் காட்டி, "ரொம்ப நாளா சத்தம் வந்திருக்குமே, யாருக்கும் கேக்கலியா?" என்றார்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றேன். சொல்லாமல் விட்ட காரணத்தையும் சொன்னேன். என் கணவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை அவர் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்குகிறார். மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று நான் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். பொறாமை போகவில்லை. ஆனால் எந்தச் சத்தம் கேட்டாலும் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுகிறேன்.