அம்மா குறை சொன்ன வண்டி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு காரை ஓட்டிப் பார்த்தது. கிடர்பூர் பக்கத்திலிருந்து இரண்டாம் ஹூக்ளி பாலத்துக்கு ஏறும் வளைவுச் சாலை. ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் குறைவு. ஓட்டியது அம்மா. பக்கத்தில் ஷோரூமிலிருந்து வந்த விற்பனையாளர் வருண். பின்சீட்டில் நான்.

புறப்படும்போதே வருண் வங்காளத்தில் சொல்லிப் பார்த்தார். "மாஷிமா, இதிலேயே ஆட்டோமேட்டிக் இருக்கு. உங்க வயசுக்கு அதுதான் சௌகரியம்."

"அதை உன் மாமியாருக்கு வாங்கிக் கொடு" என்றாள் அம்மா, அதே வங்காளத்தில். கியரை இரண்டுக்கு இறக்கினாள்.

அது ஜெர்மன் கம்பெனி வண்டி. சின்ன டர்போ எஞ்சின். முன்சக்கரங்கள்தான் இழுக்கும். அப்படிப்பட்ட வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பினால் மூக்கு வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். அம்மா வேண்டுமென்றே ஓட விட்டாள். பிறகு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தாள். மூக்கு உள்ளே வந்து சேர்ந்தது. வருண் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஆட்டோமேட்டிக் பற்றிப் பேசவில்லை.

சாந்த்ராகாச்சி வரை போய்த் திரும்பினோம். வழி முழுக்க அம்மா குறை சொல்லிக்கொண்டே வந்தாள். டாஷ்போர்டைத் தட்டி, "பிளாஸ்டிக் வாளி மாதிரி சத்தம் வரது" என்றாள். சீட் துணி ஆஸ்பத்திரி பெஞ்சாம். பின்னால் திரும்பி என்னிடம் தமிழில், "இங்கே உங்கப்பா காலை எங்கே வெச்சுப்பார்? மடியிலயா?" என்றாள். இந்த விலைக்கு முழங்கையை வைக்க ஓர் இடம்கூட இல்லை என்று வருணிடம் மறுபடி வங்காளத்தில். அவர் முகம் சிறுத்துவிட்டது.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை காலை, சமையலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது.

பாகீரதி, வயது அறுபத்திரண்டு. கல்கத்தாவில் பிறந்து, இங்கேயே படித்து, சுங்க இலாகாவில் சேர்ந்தவள். துறைமுகக் கிடங்குகளில் இறக்குமதிப் பெட்டிகளைத் திறக்கவைத்து, உள்ளே இருப்பது சொன்ன விலைக்கு ஏற்றதுதானா என்று பார்ப்பது அவள் வேலை. துணி, பேரிங், கண்ணாடி, பொம்மை, எது வந்தாலும் தொட்டு, முகர்ந்து, தட்டிப் பார்த்து மதிப்புப் போடுவாள். ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

கல்யாணமான புதிதில் அப்பாவுக்கென்று ஒரு ஸ்கூட்டர் வாங்கினார்கள். அப்பா இரண்டு தடவை விழுந்தார். அதற்குப் பிறகு அம்மா ஓட்டினாள், அப்பா டிபன் பாக்ஸோடு பின்னால் உட்கார்ந்து பாங்குக்குப் போனார். மேல்மாடி முகர்ஜி தாதா பால்கனியிலிருந்து கேட்பாராம், "சந்தானம் பாபு, டிரைவருக்கு என்ன சம்பளம் தர்றீங்க?" அப்பா, "என் சம்பளம் மொத்தமும்" என்பாராம். அப்பா அதற்குப் பின் இன்றுவரை எந்த வண்டியும் ஓட்டியதில்லை.

பழைய கார் பதினான்கு வருடம் ஓடியது. மேட்டில் ஏற மூச்சு வாங்கியது. இனிமேல் வாங்கினால், கூப்பிட்ட உடனே வருகிற வண்டியாக வேண்டும் என்றாள் அம்மா. பெரியது வேண்டாம், உசத்தியானது வேண்டாம். காலை அழுத்தினால் ஓட வேண்டும், திருப்பினால் திரும்ப வேண்டும்.

நான் ஹவுராவில் ரயில் வேகன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் அமைப்பு என் பிரிவு. அம்மாவுக்காகக் கார்களை அலசினேன். ஜெர்மன் வண்டிக்கு முந்தின வாரம் ஒரு கொரிய வண்டியைப் பார்த்தோம். கொடுக்கிற காசுக்குக் கொரிய வண்டியில்தான் சாமான் அதிகம். உள்ளலங்காரமும் அதில்தான் மேல். சிவப்பு நூல் தையல், பெரிய திரை, மெத்தென்ற கதவு. ஜெர்மன் ஜெயித்தது வளைவில் மட்டும். மேடுபள்ளத்தில் கொரிய வண்டி குதித்து, அடங்க நேரம் எடுத்தது. ஜெர்மன் ஒரே தடவை அமுங்கி நின்றது.

கொரிய வண்டியை அம்மா பத்து நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "பிரமாதம்! அந்தத் தையலும் திரையும், பிரமாதம்" என்றாள். அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் காரியங்களும் பதிமூன்றாம் நாள் சுபமும் முடிந்து உறவினர்கள் கிளம்பின பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"வித்யா, வண்டிய புக் பண்ணிட்டேன்."

"எந்த வண்டி?"

"கொரியாதான். அவ பிரமாதம்னாளே. அவ ஒரு பொருளைப் பிரமாதம்னு சொல்லி நான் கேட்டதே இல்லை."

"யாருப்பா ஓட்டறது?"

"நீ ஓட்டு. இல்லேன்னா சும்மா வாசல்ல நிக்கட்டும். அவ ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணு. அதையாவது செய்யறேன்."

அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு இருந்தது. நான் எழுந்து தம்ளர்களைக் கழுவப் போனேன்.

அப்பா அம்மாவோடு கடைக்குப் போனதில்லை. நான் போயிருக்கிறேன். கரியாஹாட்டில் பிடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டு, "இது என்ன சாயம், ரெண்டு நாள்ல வெளுத்துடும்" என்பாள். பிடிக்காததை, "அடடா, என்ன பார்டர்!" என்று மடித்துக் கொடுத்துவிடுவாள். கிடங்கில் வந்த பழக்கம். அங்கே பெட்டியைத் திறந்தால் சரக்குக்காரனின் ஏஜெண்ட் அதிகாரி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நல்ல சரக்கு என்று முகம் காட்டினால், மதிப்பைக் குறைக்கச் சொல்லி உடனே மேலதிகாரிக்குப் போன் பறக்கும். அதனால் நல்ல சரக்கைத் திட்டுவாள். அவன் அசந்த பிறகு உயர்ந்த மதிப்பை எழுதுவாள். சுமாரானதைப் புகழ்ந்து, சொன்ன விலைக்கே அனுப்பிவிடுவாள்.

கொரிய வண்டி நல்ல வண்டிதான். சாமான், உள்ளலங்காரம், வளைவு என்று என் கணக்கிலேயே மூன்றில் இரண்டு அதற்குத்தான். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்பா வாங்க நினைத்தது நல்ல வண்டியை அல்ல.

மறுநாள் காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். புடவை, கிடங்கு, எல்லாம். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ அந்த ஜெர்மனை என்ன சொன்னா?"

சொன்னேன். பிளாஸ்டிக் வாளி, ஆஸ்பத்திரி பெஞ்ச், முழங்கை.

"அவ்வளவுதானா?"

"பின்சீட்ல நீ காலை எங்கே வெச்சுப்பேன்னு கேட்டா. மடியிலயான்னா."

தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"ஏன்டி, என்னை அவ என்னிக்காவது நன்னா இருக்கேள்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

"இல்லைப்பா."

"சட்டைல மூணு பட்டன் மூணு திசைன்னுவா. நடக்கறப்போ கோணல்னுவா. காபி ஆத்தத் தெரியாத மனுஷன்னு உங்க சித்தி முன்னாடி…" சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அம்மா போன நாளிலிருந்து அவர் அழுது நான் அப்போதுதான் பார்த்தேன்.

கொஞ்சம் அடங்கினதும், "கொரியாவைக் கேன்சல் பண்ணு. அந்த இன்னொண்ணு இருக்கான்னு கேளு" என்றார்.

கேன்சல் செய்தேன். வருணைக் கூப்பிட்டேன். மாஷிமா எப்படி இருக்காங்க என்று கேட்டார். சொன்னேன். வண்டி இருக்கிறது, வெள்ளைதான், சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். அவர் குரல் தணிந்திருந்தது.

வியாழக்கிழமை மதியம் ஹவுராவில் என் பையிலிருந்த அம்மாவின் போன் அடித்தது. சாந்த்ராகாச்சி பக்கம் உள்ள வேறொரு ஷோரூம். பேசியது ஒரு பெண்.

"பாகீரதி மேடமா? சனிக்கிழமை பதினொரு மணி டெஸ்ட் டிரைவ் ஞாபகப்படுத்தக் கூப்பிட்டேன். நீங்க கேட்ட மாதிரியே மேனுவல் கியர் வண்டி. லைசென்ஸ் எடுத்துட்டு வந்துடுங்க."

நம் நாட்டுக் கம்பெனி வண்டி. நான் அலசியபோது, பின்பக்க ஸ்பிரிங் எனக்குப் பிடிக்காமல் தள்ளிவிட்ட வண்டி அது. அம்மா இதைப் பற்றி எங்களிடம் பேசவில்லை.

"நான் அவங்க பொண்ணு பேசறேன். எப்ப புக் பண்ணினாங்க?"

அந்தப் பெண் பார்த்துச் சொன்னாள். நாங்கள் ஜெர்மன் வண்டியை ஓட்டிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்.

"வண்டியைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? நல்லதா, குறையா?"

"இல்லை மேடம். அவங்க இன்னும் பார்க்கவே இல்லையே. இப்போ முடியாது, ரெண்டு மூணு வாரம் ஆகும், வந்து ஓட்டிப் பார்த்துட்டுதான் முடிவு சொல்வேன்னாங்க. தனியா வருவேன்னாங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஜெர்மன் வண்டிக்குக் கொடுக்கச் செக்கை எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"இதை என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. பார்க்கலை."

செக்கில் இன்னும் பெயர் எழுதவில்லை. பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

சனிக்கிழமை, பதினொரு மணி, சாந்த்ராகாச்சி. அம்மா ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டி. என் லைசென்ஸைப் பையில் எடுத்து வைத்தேன்.