படிக்காமல் வெட்டிய மூன்று வரி

அச்சகத்தில் அவருக்குப் பெயர் டாக்டர். ஊசி போடமாட்டார், மாத்திரை எழுதமாட்டார். கம்ப்யூட்டரில் அடுக்கிய பக்கங்களுக்கு வைத்தியம் பார்ப்பார். இரண்டு பத்தியாக ஓடும் பக்கத்தில் ஒன்று நெட்டையாகவும் மற்றது குட்டையாகவும் நிற்கிறதா, படம் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டதா, கூப்பிடு டாக்டரை. பத்து நிமிஷத்தில் இரண்டு பத்தியும் ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். "கைராசிக்காரர்" என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கைராசியின் லட்சணத்தைக் கேளுங்கள். பத்துக் கோளாறில் எட்டை நியாயமாகத்தான் தீர்ப்பார். வரி இடைவெளி, படத்தின் அளவு, பத்திகளைச் சமமாக்கும் கட்டளை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். மிச்சம் இரண்டு பிடிபடாது. அப்போது அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எழுதியவரின் வரியில் கைவைப்பார். இங்கே ஒரு 'மிகவும்', அங்கே அரை வாக்கியம். எழுதினவன் பூதக்கண்ணாடி வைத்தா பார்க்கப் போகிறான்? இருபது வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததால் அது தப்பு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

ஓய்வுபெற்ற தபால்காரர்களின் இதழ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கேதான் அச்சாகும். போன இதழுக்கு டாக்டருடைய சகலை ஒரு கட்டுரை கொடுத்திருந்தார். முப்பது வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த கதை. கொடுக்கும்போது, "கடைசி வரைக்கும் ஒழுங்கா வரணும் சகலை" என்று மட்டும் சொன்னார்.

சகலை நாலு வருஷமாகத் தனிக்கட்டை. ஒரு கல்யாண வீட்டில், சொந்தபந்தம் அத்தனையும் உட்கார்ந்திருக்க, "இவ சும்மா உட்கார்ந்து சாப்பிடறவதானே" என்று பெண்டாட்டியைப் பற்றி வாயை விட்டார். மறுநாளே அந்த அம்மாள் தையல் மிஷினோடு கிளம்பி, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

கட்டுரையின் கடைசிப் பக்கம் மக்கர் செய்தது. மூன்றே மூன்று வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. டாக்டர் இடைவெளியைக் குறைத்தார். ஒரு பத்தி ஏறினால் இன்னொன்று இறங்கியது. படத்தைச் சுருக்கினார், கீழே வெற்றிடம் வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. அச்சு மிஷின்காரர் வேறு "ஆச்சா, ஆச்சா" என்று உயிரை வாங்கினார். டாக்டர் அந்த மூன்று வரியையும் வெட்டி எறிந்தார். கடைசி வரிதானே, 'நன்றி வணக்கம்' வகையறாவாக இருக்கும் என்று படிக்கக்கூட இல்லை. பக்கம் லட்சணமாக வந்தது.

இதழ் வெளியாகிப் பதினைந்து நாள் கழித்து சகலை அச்சகத்துக்கு வந்தார். முகம் செத்துக்கிடந்தது.

"அவளுக்கு ஒரு பிரதி தபால்ல அனுப்பினேன். ஒரு வார்த்தை இல்ல. படிச்சும் மனசு இறங்கலைன்னா நான் என்ன செய்ய?"

"எதைப் படிச்சு?"

"கடைசியா எழுதினதைத்தான். கூச்சமா இருந்துச்சு, அச்சுல நான் இன்னும் பார்க்கவே இல்ல."

மூன்று வரியை வெட்டியது டாக்டருக்கு ஞாபகம் வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பார்க்கலாம் சகலை" என்று சொல்லி அனுப்பிவைத்தார். வெட்கங்கெட்ட பதில் என்று அவருக்கே தெரிந்தது.

மூலக் கோப்பைத் திறந்தார். 'நாலு பேர் முன்னால் என் மனைவியைச் சிறுமைப்படுத்தினேன். அவள் தைத்துச் சம்பாதித்துத்தான் எங்கள் வீடு நின்றது. அதை நாலு பேர் படிக்கும் இடத்திலேயே சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன்.' அவ்வளவுதான், மூன்று வரி.

பக்கத்தையும் திறந்து பார்த்தார். படக்குறிப்புப் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் மூன்று வெற்று வரிகள் உட்கார்ந்திருந்தன. அவரே அவசரத்தில் தட்டியவை. அவற்றை நீக்கியதும் வெட்டிய வரிகள் சமர்த்தாக உள்ளே வந்து உட்கார்ந்தன. அவருக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் சகலையின் மனைவி இருந்த மாடி அறைக்குப் போனார். அவள் டாக்டருக்கு அண்ணி முறை. ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டை வைத்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் எழுதிவந்ததை வாசித்தார். முடிக்கும்வரை மிஷின் நின்றிருந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. எங்களைச் சேர்த்துவைக்கணும்னு உங்களுக்கு ஆசை."

"நான் எழுதலை அண்ணி. அவர் எழுதினதுதான். நான் வெட்டிட்டேன்."

"ஏன்?"

"பக்கத்துல இடம் பத்தலை."

"படிச்சிட்டா வெட்டினீங்க?"

அவர் காகிதத்தை நாலாக மடித்தார்.

அண்ணி துணியை மடியில் வைத்தாள். "அவர் எழுதினதாவே இருக்கட்டும். நாலு பேர் படிக்கிற இடத்துலன்னு எழுதியிருக்காரு. இப்ப இந்த ரூம்ல யார் இருக்கா? நானும் நீங்களும். அன்னைக்கு அந்த வீட்டுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"அடுத்த இதழ்ல போடறேன் அண்ணி."

"எப்படி விட்டுப்போச்சுன்னு போடுவீங்க?"

கம்ப்யூட்டர் கோளாறு என்று சொல்ல வாய்வரை வந்தது. "நான் படிக்காம வெட்டிட்டேன்னு போடறேன்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. அவள் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அங்கிருந்து நேரே சகலை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். சகலை திட்டவில்லை. "அப்ப அவ படிக்கவே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதியை டாக்டரால் பார்க்க முடியவில்லை.

அச்சகத்துக்கு வந்து, மூன்று வரியையும் தன் தவறையும் சேர்த்து அறிவிப்பாக அடித்து முதலாளியிடம் நீட்டினார். முதலாளி படித்துவிட்டுச் சிரித்தார்.

"போய்யா, இதுக்குப் போய் இவ்வளவா? ஒரு தடவை கை தவறிடுச்சு, அவ்வளவுதானே?"

"ஒரு தடவை இல்லைங்க" என்றார் டாக்டர்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய, அந்த அச்சகம் இருபது வருஷமாகப் போட்ட புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"வேற யாரோடது?" என்று கேட்டார்.

டாக்டருக்கு ஒருத்தர் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.